மறந்தவனோடு மட்டும் பேசுகிறவர்

செங்கல்பட்டு பஸ் மாமல்லபுரத்தில் நின்றபோது நல்ல வெயில். ரத்னா முதலில் இறங்கினாள். ஒரு கையில் ஆஸ்பத்திரித் துணி மூட்டை, மறு கையில் புருஷனின் மணிக்கட்டு. சுறாவோடு மல்லுக்கட்டின ஆள் கங்காதரன், திருவிழாவில் தொலைந்துவிடக்கூடிய பிள்ளை மாதிரி அவள் பின்னால் இறங்கினான். இடது காதுக்கு மேலே முடி மழித்த இடத்தில் தையல் காய்ந்து கறுத்திருந்தது.

“நாம எங்கேர்ந்து வர்றோம், ரத்னா?”

“செங்கல்பட்டு ஆஸ்பத்திரிலேர்ந்து.”

“யாருக்கு இன்னா?”

“உனக்குத்தான்யா. கட்டுமரம் கவுந்து தலையில அடி.”

அவன் தையலைத் தடவிப் பார்த்து, “அட, ஆமாமே” என்றான்.

திருக்கழுக்குன்றம் வருவதற்குள்ளேயே இதே கேள்வியை அவன் கேட்டுக் கேட்டு, முன் சீட்டில் இருந்த பெரியவர் எழுந்து கண்டக்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ரத்னா ஒவ்வொரு தடவையும் புதுக் கேள்விக்குச் சொல்வதுபோலவே பதில் சொன்னாள். பொறுமை அவளுக்குப் பிறவிக் குணம் இல்லை. மீன் கூடையோடு தெருவில் நின்றால், அவள் வாய்க்குப் பயந்து பேரம் பேசாமல் வாங்கிப் போனவர்கள் உண்டு. இந்தப் பொறுமை வார்டில் கற்றுக்கொண்டது.

டாக்டர் சதாசிவம் அவளை வராந்தாவில் உட்காரவைத்துத்தான் சொன்னார். “மூளையில ஒரு சின்ன இடம்மா. புதுசா நடக்கிறதைப் பிடிச்சு வைக்கிற இடம். அங்கதான் அடி. பழசு எதுவும் போகல. உன்னைத் தெரியும், ஊரைத் தெரியும், மரம் ஓட்டத் தெரியும். ஆனா இப்ப நான் அவர்கிட்ட சொல்றது, நான் அந்தப் பக்கம் போனா அவர்கிட்ட இருக்காது.”

“திரும்ப வருமா சார்?”

“சில பேருக்குக் கொஞ்சம் வரும். வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மனசு அதிர்ற மாதிரி எதுவும் சொல்லாம பாத்துக்க. வலிப்பு வந்தா ஆபத்து.”

மனசு அதிர்கிற சேதி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஐப்பசியில் அலை மடிகிற இடத்தில் கட்டுமரம் கவிழ்ந்தபோது அதில் இருந்தவர்கள் இரண்டு பேர். கங்காதரனை, இன்னொரு மரத்தில் வந்த குப்பத்து ஆள் முத்துசாமி முடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். அண்ணன் ஜம்புலிங்கத்தை யாரும் பார்க்கவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை.

வார்டில் கண் விழித்ததும் கங்காதரன் கேட்ட முதல் கேள்வி, “அண்ணன் எங்க?” ரத்னா உண்மையைச் சொன்னாள். அவன் கட்டில் கம்பியில் தலையை மோதிக்கொண்டு கதறினான். கை கால் இழுத்துக்கொண்டு வாயில் நுரை தள்ளியது. ஊசி போட்டுத் தூங்கவைத்தார்கள். விழித்தான். “அண்ணன் எங்க?” மறுபடி சொன்னாள். மறுபடி அதே கதறல், அதே நுரை. ஒரே சாவை ஒரு மனுஷன் எத்தனை தடவை புதிதாகத் தாங்குவான்? மூன்றாம் தடவை அவளுக்கு நாக்கு எழவில்லை. “கடலுக்குப் போயிருக்காரு” என்றாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எல்லாமே கெட்டது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, நெம்மேலிக்குப் போகிற பக்கம், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருந்தது அவர்கள் குப்பம். அண்ணன் தம்பிக்கு ஒரே வீடு; நடுவில் ஒரு ஓலைத் தடுப்பு மட்டும். மணலில் கால் புதைய நடந்து இருவரும் வாசலுக்கு வந்தபோது, நிலைப்படியில் நின்றாள் ஜம்புலிங்கத்தின் மனைவி வச்சலா. நெற்றியில் பெரிய குங்குமம். தலை நிறையக் கனகாம்பரம். கழுத்தில் புது மஞ்சள் கயிற்றில் தாலி.

ரத்னாவே ஒரு கணம் நடையை நிறுத்திவிட்டாள். இது அவர்கள் பேசி வைத்த ஏற்பாடுதான். அண்ணி மூளியாக நின்றால் கங்காதரனுக்கு யாரும் வாய் திறந்து சொல்லவே தேவையில்லை, பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். அதனால் கொஞ்ச நாளைக்கு, அவன் தேறும்வரைக்கும், வச்சலா சுமங்கலியாகவே இருப்பது என்று முடிவு.

“அண்ணி, அண்ணன் எங்க?”

“கடலுக்குப் போயிருக்காரு தம்பி. சாயங்காலம் வந்துடுவாரு.”

குப்பத்துப் பெண்கள் கடலுக்குப் போனவனைப் பற்றி இந்நேரம் வருவான் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆகாது என்பார்கள். வச்சலாவும் அதுவரை சொன்னதில்லை. வாய் தவறிவிட்டது போலும் என்று ரத்னா நினைத்துக்கொண்டாள்.

இந்த ஏற்பாடு முத்துசாமிக்குப் பிடிக்கவே இல்லை. அன்று மாலையே ரத்னாவைக் கரையில் நிறுத்திக் கேட்டார். “இன்னா ரத்னா இது? உடம்பு கெடைக்காத ஆளுக்கு கருமாதி ஆவுற வரிக்கும் அவன் கடலுக்குப் போனவன்தான், செத்தவன் இல்ல. பொண்டாட்டி கழுத்துல தாலியும் ஏறி நிக்குது. அவனுக்கு இன்னா தெரியும், தன் வூட்டுக்குத் தானே வரப் பாப்பான்?”

“கருமாதிய செய்யறது யாரு அண்ணாத்த? புள்ள கெடையாது. தம்பிதான் செய்யணும். அத சொன்னா இந்தாளு உசுரு போயிடும். உயிரோட கீற மனுசன மொதல்ல பாக்குறேன், செத்தவரு அப்பறம் கோச்சிக்கட்டும்.”

“செத்தவன் கோச்சிக்க மாட்டான்மே. செத்தவனுக்குத் தான் செத்துட்டோம்னு யாராச்சும் சொல்லணும். அத்தான் சொல்றேன்.”

ரத்னா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. கங்காதரன் வலை பின்னினான். பழைய கை, பழைய நினைவு, விரல்கள் தானாக வேலை செய்தன. சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள், “இன்னாமே, சோறு போட மாட்டியா?” என்பான். அண்ணன் எங்கே என்று கேட்பான். வச்சலா தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “சாயங்காலம் வந்துடுவாரு” என்பாள். சாயங்காலம் வருவதற்குள் அவன் கேட்டதையே மறந்துவிடுவான். ரத்னா மறுபடி கூடை தூக்கி மாமல்லபுரத்துக்கு மீன் விற்கப் போனாள்.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் திரும்பியபோது கங்காதரன் வாசலில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான்.

“முத்துசாமி அண்ணாத்த வலை பாறையில மாட்டி கிழிஞ்சிடுச்சாமே?”

ரத்னா கூடையை இறக்கினாள். கரையில் அந்தக் கிழிந்த வலையை இழுத்துப் போட்டதைப் பார்த்துவிட்டு நேராக அப்போதுதான் வருகிறாள்.

“யாரு சொன்னது உனக்கு?”

“அண்ணன்தான். இப்பதான் வந்துட்டு போனாரு.”

பழைய ஞாபகம் எதையோ போட்டுக் குழப்புகிறான் என்று அவள் தேற்றிக்கொண்டாள். அந்த வலை எத்தனையோ தடவை கிழிந்த வலைதான். மறுநாள் காலையில், நப்பாசையில், கேட்டுப் பார்த்தாள்.

“நேத்து ராத்திரி இன்னா சாப்ட்ட?”

யோசித்தான். முகம் வெறுமையாக இருந்தது. “தெரிலியே.”

“நேத்து யாராச்சும் வந்தாங்களா?”

“அண்ணன் வந்தாரே. வலை கிழிஞ்ச கதைய சொன்னாரே.”

புதிதாக எதுவும் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சோறு தங்கவில்லை. ஆஸ்பத்திரி தங்கவில்லை. பெண்டாட்டி சொன்ன ஆயிரம் பதிலில் ஒன்றுகூடத் தங்கவில்லை.

இது மட்டும் எப்படித் தங்கியது?

அன்று அவள் கூடை தூக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே சுவரோரம் படுத்துக்கொண்டாள். பேய்க்கும் பார், நோய்க்கும் பார் என்பார்கள். நோய்க்குப் பார்த்தாயிற்று.

பொழுது சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இறங்கியது. தாழ்ந்த கூரை வீடு, வெளியே வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே உள்ளே இருட்டிவிடும். கங்காதரன் பாயில் உட்கார்ந்து வலையைப் பின்னிக்கொண்டிருந்தான். கரையில் யாரோ டிரான்சிஸ்டர் வைத்திருந்தார்கள். அது கரகரவென்று இழுத்து நின்றது. காக்கை சத்தம் ஓய்ந்தது. அலைச் சத்தம் மட்டும் எப்போதும்போல இருந்தது.

முதலில் வந்தது வாடை. மீன் வாடை அவளுக்கு வாடையே இல்லை. இது வேறு. வெயிலே படாத தண்ணீரில் நெடுநாள் ஊறின கயிறு, அழுகின பாசி, அதற்கு அடியில் இனிப்பாக இன்னொன்று. ரத்னா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

பிறகு சொட்டுகிற சத்தம்.

கூரையைப் பார்த்தாள். மழை இல்லை.

சொட்டு வாசலிலிருந்து உள்ளே வந்தது. அவசரமில்லாமல், வீட்டுக்காரன் நடையில்.

கங்காதரன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. வலையை ஒதுக்கிவிட்டுப் பாயில் நகர்ந்து இடம் விட்டான். “வாண்ணா, குந்து.”

அவன் பக்கத்தில் பாய் அழுந்தியது.

அழுந்தின இடத்தில் கோரை கறுத்தது. ஈரம் மெல்லப் பரவியது. அங்கே யாரும் இல்லை. ரத்னா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள், யாருமே இல்லை. கங்காதரன் மட்டும் அந்த வெறும் இடத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

“ஆமாண்ணா... உடம்புக்கு ஒண்ணும் இல்ல, தலையில கொஞ்சம் காயம்... இன்னாது? ஒண்டியா எப்டிண்ணா தள்ளுவ? ரெண்டு பேர் தள்ற மரம் அது... சரி, சரி. நானும் வரேன். எப்பன்னு சொல்லு... இப்பவா?”

அவன் எழுந்தான்.

எப்படி எழுந்தாள், எப்படி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள் என்று பின்னால் ரத்னாவுக்கே தெரியவில்லை. “போவாதய்யா! உங்கண்ணன் செத்துட்டாருய்யா! மரம் கவுந்த அன்னிக்கே செத்துட்டாரு!”

கங்காதரன் அவளைப் பார்த்தான். பாயைப் பார்த்தான். “இல்லமே, இதோ...” என்று கை நீட்டினான். நீட்டின கை அப்படியே நின்றது.

வாடை போய்விட்டது. பாயில் ஈரம் மட்டும் இருந்தது.

அதற்கப்புறம் அவன் அழுத அழுகையை எழுதி மாளாது. கை கால் இழுத்துக்கொண்டது. அவள் அவன் தலையை மடியில் போட்டு, நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் துணியை மடித்து வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அடங்கித் தூங்கி விழித்ததும் கேட்டான். “அண்ணன் எங்க, ரத்னா?”

சொன்னால் வலிப்பு. சொல்லாவிட்டால் கடல். அன்றிலிருந்து அவள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாழ்ந்தாள். பொழுது சாய்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். முன்னதாகச் சொல்லிவிட்டால் மறந்துவிடுவான். பிந்திச் சொன்னால் அவர் வந்துவிடுவார். வாடை வருகிற நேரம் பார்த்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒரு கொலைகாரி மாதிரி, அந்த வார்த்தையைச் சொல்வாள். ஒவ்வொரு வலிப்பும் முந்தினதைவிட நீண்டது. அவன் இளைத்துக்கொண்டே போனான்.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. மாமல்லபுரத்தில் சீமைக்காரர்கள் கோயில் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்ற கொட்டகையில் அவளும் மாட்டிக்கொண்டாள். மழையைப் பாராமல் ஓடிக் குப்பத்துக் கரைக்கு வந்தபோது நன்றாக மங்கிவிட்டது. கரையில் முத்துசாமி யாரையோ கட்டிப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். கட்டுமரம் ஒன்று பாதி தண்ணீரில் இருந்தது. அவர் பிடியில் திமிறினது கங்காதரன்.

“உடுண்ணாத்த, அண்ணன் அந்தாண்ட புடிச்சிகினு கீறாரு, மரம் உருண்டுடும்!”

மரத்தின் மறுமுனையில் யாரும் இல்லை. ஆனால் அது உருளவில்லை. அலை வந்து மோதும்போதெல்லாம், கடல் பக்கத்து முனை ஆள் பிடித்த மாதிரி அசையாமல் நின்றது. முத்துசாமி அதைப் பார்த்துவிட்டார். அவர் உதடு வெளுத்திருந்தது. இருவரும் சேர்ந்து கங்காதரனைத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்து வந்தார்கள்.

வீட்டில் கங்காதரனைப் பார்த்துக்கொள்ளும்படி வச்சலாவிடம் சொல்லிவிட்டுத்தான் ரத்னா போயிருந்தாள். தடுப்பைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். வச்சலா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் புதுப் பூ. எதிரில் ஒரு தட்டில் சோறும் சுறாப்புட்டும். சோற்றின் மேல் தண்ணீர் நின்றது. கடல் தண்ணீர் என்று வாடையே சொன்னது.

“உனக்குத் தெரியும், இல்லக்கா?” என்றாள் ரத்னா.

வச்சலா தலையைத் தூக்கவில்லை.

“வராருன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சிகினேதான் தெனமும் வந்துடுவாரு, வந்துடுவாருன்னு கூப்ட்டுகினு கீற.”

“என் கையால ஒரு வாய் துன்னட்டும்னுதான் கூப்ட்டேன்” என்றாள் வச்சலா. குரல் எழும்பவே இல்லை. “வராரு ரத்னா. இந்த அடுப்பண்ட வந்து நிக்கறாரு. வாடை வருது. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. எங் கண்ணுக்குத் தெரியல. நானு அவுரு செத்துட்டாருன்னு தெரிஞ்சவ. அது தெரியாத ஆளு இந்த வூட்டுல ஒருத்தருதான். அவர்கிட்டதான் பேசறாரு.”

“பேச மட்டுமா வராரு? கூட்டினு போவ வராரு!”

“அது எனக்கும் தெரியும்.” இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் குங்குமம் கரைந்து வழிந்திருந்தது. “இந்தத் தாலி எங் கழுத்துல கீற வரிக்கும் இது அவுரு வூடு. எடுத்துட்டா வாடை கூட வராது.”

“உன் தாலிக்கு என் தாலியக் கேக்குறியாக்கா?”

வச்சலா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ரத்னாவுக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சோற்றை மணலில் கொட்டிப் புதைத்தாள்.

அமாவாசையன்று காலையில் கருமாதி என்று முத்துசாமி ஏற்பாடு செய்துவிட்டார். உடம்பு கிடைக்காதவனுக்கு அந்தக் குப்பத்தில் செய்கிற முறை இதுதான். கொள்ளி வைக்க வேண்டியவன் தலைமுழுகி, பால் கலயத்தைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும். செத்தவன் பேரைச் சொல்லி, “கடல் உனக்கு, கரை எங்களுக்கு, நீ போ” என்று சொல்லிக் கலயத்தைப் பின்பக்கமாகப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஏற வேண்டும். அதன் பிறகுதான் பெண்கள் கூடித் தாலியை எடுப்பார்கள். சாதாரண ஆளுக்கு இது வெற்றிலை போடுகிற நேரத்து வேலை. கங்காதரனுக்கு அந்த நேரமே அதிகம்.

வானம் வெளுத்திருந்தது; கடல் அமைதியாகவே இருந்தது. கரையில் வைத்து ரத்னா அவனிடம் சொன்னாள். அவன் அழுதான், ஊரே சுற்றி நின்று பிடித்துக்கொண்டது; அன்று என்னவோ வலிப்பு வரவில்லை. முத்துசாமி கலயத்தைத் தோளில் ஏற்றினார். “நேரா போ, சொல்லு, போடு, வந்துடு. வேற எதுவும் யோசிக்காத.”

கங்காதரன் இறங்கினான். முழங்கால். தொடை. முதல் அலை அவனைத் தூக்கிப் போட்டது, கலயம் தளும்பியது. நின்று சமாளித்தான்.

பிறகு நின்றபடியே இருந்தான்.

கரையைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் அழுத தடம்கூட இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “யாருக்கு இது, ரத்னா?” என்று கேட்டான்.

“உங்க அண்ணனுக்குய்யா! உங்க அண்ணன் செத்துட்டாரு!” ரத்னா தொண்டை கிழியக் கத்தினாள். அலை அதை வாங்கிக்கொண்டது.

அவன் காதில் கைவைத்துப் பார்த்தான். பிறகு சட்டென்று கடல் பக்கம் திரும்பினான்.

யாரோ கூப்பிட்ட மாதிரி.

ரத்னாவுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. ஆனாலும் அவன் சிரிக்கிறான் என்று தோளைப் பார்த்தே தெரிந்தது. தலையாட்டினான். ஏதோ பேசினான். கலயத்தைத் தோளில் வைத்தபடியே ஒரு அடி முன்னால் வைத்தான். இடுப்பு. இன்னொரு அடி. நெஞ்சு. அவனுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு, அலை உடையாமல் இரண்டாகப் பிரிந்து போனது.

முத்துசாமி தண்ணீரில் பாய்ந்தார். ஒரு அலை அவரை உருட்டித் திரும்பக் கரையில் எறிந்தது. ரத்னா இறங்கினாள், காலடி மணலை யாரோ உருவின மாதிரி விழுந்தாள். எழுந்தாள். விழுந்தாள்.

அவளைத் தாண்டி ஒருத்தி போனாள்.

பெண்கள் கூட்டத்தில் உட்காரவைத்திருந்த வச்சலா. புடைவையைத் தூக்கிச் செருகக்கூட இல்லை. அவளை மட்டும் எந்த அலையும் தள்ளவில்லை. நேராகப் போய்க் கங்காதரனுக்கு முன்னால், அவனுக்கும் கடலுக்கும் நடுவில் நின்றாள். இடது பக்கம் திரும்பி, அந்த வெறும் தண்ணீரை ஒரு முறை பார்த்தாள். அங்கே அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பிறகு கழுத்தில் கை வைத்து, யாரையும் எதிர்பார்க்காமல், தாலியைத் தானே இழுத்து அறுத்தாள். நெற்றியை உள்ளங்கையால் தேய்த்தாள். பூவைப் பிய்த்தாள். மூளிக் கழுத்தோடு, மூளி நெற்றியோடு, கொழுந்தனுக்கு நேராக முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.

அதற்கு ஞாபகம் எதுவும் தேவைப்படவில்லை.

கங்காதரன் போட்ட அலறல் கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. கலயம் தோளிலிருந்து சரிந்து பின்னால் விழுந்தது. பால் வெள்ளையாகப் படர்ந்து ஒரு நொடியில் காணாமல் போயிற்று. வச்சலா அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தையை அவன் சொன்னானா என்று முத்துசாமியைக் கேட்டால் சொன்னான் என்றார். ரத்னா காதில் விழவில்லை. அவனைக் கேட்டுப் பயனில்லை.

அதன் பிறகு வாடை வரவில்லை. பாய் காய்ந்தே கிடந்தது. பொழுது சாயும்போதெல்லாம் ரத்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். கரையில் பிள்ளைகள் கத்துகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் வராது. வச்சலா அடுப்பை அந்தப் பக்கம் மூட்டுவதை விட்டுவிட்டு இந்தப் பக்கமே சாப்பிட்டாள். இரண்டு பேரும் அந்தத் தட்டைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. ரத்னா அவளுக்கு நல்ல மீனாகப் பார்த்து எடுத்து வைத்தாள். அதைத்தான் அவளால் செய்ய முடிந்தது.

ஒரு பாடு மட்டும் தீரவில்லை. காலையில் எழுந்ததும் கங்காதரன் அண்ணியின் கழுத்தைப் பார்ப்பான். பார்த்ததும் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ரத்னா பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாள், அவன் அழுவான். செங்கல்பட்டு டாக்டர் கொடுத்த மாத்திரையால் வலிப்பு குறைந்தது, அழுகை குறையவில்லை. தினம் ஒரு சாவு வீடு. பழகிவிடும் என்று ஊரில் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் வந்து ஒரு காலையாவது பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை.

தை பிறந்து பனி விழுந்த ஒரு காலை. ரத்னா கருவாட்டை வெயிலில் பரப்பிவிட்டு உள்ளே வந்தாள். கங்காதரன் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வச்சலா அவனுக்கு நீராகாரம் கொண்டு வந்து வைத்தாள். அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கழுத்தைப் பார்த்தான்.

“வைங்க அண்ணி” என்றான். எடுத்துக் குடித்தான்.

ரத்னாவும் வச்சலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வச்சலா சத்தமில்லாமல் வெளியே போனாள்.

“யோவ்” என்றாள் ரத்னா. “அண்ணி கழுத்தப் பாத்தியா?”

“பாத்தேன்மே. அண்ணன்தான் செத்துட்டாரே.”

அழாமல் சொன்னான். பழைய சேதி மாதிரி, எல்லோருக்கும் தெரிந்த சேதி மாதிரி சொன்னான். ரத்னாவுக்கு அப்படியே கண் நிறைந்துவிட்டது. வந்துவிட்டது. சில பேருக்குக் கொஞ்சம் வரும் என்றாரே டாக்டர், வந்துவிட்டது. இன்றைக்கே பஸ் ஏறி அவர் காலில் விழ வேண்டும். முருகனுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்த வேண்டும். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஞாபகம் கீதாய்யா? நான் சொன்னது ஞாபகம் கீதா?”

“நீயா சொன்ன?” என்றான் அவன். “அண்ணன்தான் சொன்னாரு. ரத்னா பாவம், தெனமும் சொல்லி சொல்லி அழுவுது, இனிமே நானே வந்து சொல்லிட்டு போறேன்னாரு.”

அவள் கை அவன் கன்னத்திலேயே நின்றது.

“எப்ப வந்தாரு?”

“நீ கருவாடு காயப்போட போனப்ப.”

“வேற இன்னா சொன்னாரு?”

“வரியாடான்னாரு.”

வெளியே காலை வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

“நீ இன்னா சொன்ன?”

கங்காதரன் நெற்றியைச் சுருக்கினான். உண்மையாகவே யோசித்தான். அண்ணன் சொன்னதெல்லாம் அவனிடம் இருந்தது. அவனே சொன்னதைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“நான் இன்னா சொன்னேன்னு தெரிலியே, ரத்னா.”